சும்மா வந்த பொட்டி

“எல்லாச் சங்கமும் கம்முனு வாயை மூடிக்கினு இருக்குது. நாம மட்டும் எதுக்கும்மா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கணும்?” என்றார் சங்கத்து உதவியாளர் முனிசாமி.

“வாயை மூடிக்கினு இருந்தா என் வேலை போயிடும்ணே. இதைப் படிங்க.” அம்சவேணி கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கண்ணாடி வூட்டுல இருக்குது. நீயே படி.”

நெசவாளர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்திருக்கிற வாட்ஸப் குழுவுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த செய்தி அது. அரசு வழங்கிய புதுக் கணினியில் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் நிலையாக ஓடுகிறதா என்று ஒவ்வொரு சங்கமும் இன்று மாலைக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சொல்லாத சங்கத்தின் பணி நிரந்தரக் கோப்புகள் பரிசீலிக்கப்பட மாட்டா.

அந்தக் கடைசி வரியைத்தான் அவள் ரெண்டு தடவை படித்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பொன்னிழைப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிக எழுத்தர். கணக்கு எழுதுவதும் அவள்தான், சேலைக் கரைக்குக் கணினியில் டிசைன் போடுவதும் அவள்தான். நிரந்தரம் கேட்டு அனுப்பிய கோப்பு சென்னையில் எந்த மேசையில் குறட்டை விடுகிறதோ, தெரியாது.

“அது இன்னாம்மா ஓப்பன் சோர்ஸு?”

“இயங்குதளம்னா கம்ப்யூட்டருக்கு உசுரு மாதிரிண்ணே. கம்பெனிக்காரன் போட்ட உசுருன்னா காசு. இது ஊர்ப்பட்ட பேரு சேர்ந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு திறந்து வெச்ச உசுரு, லினக்ஸ்னு பேரு. இனிமே கவர்மென்ட் ஆபீஸ் எல்லாத்துலயும் இதுதான்னு கொள்கை முடிவு.”

“நம்மகிட்ட இருக்குதா?”

அம்சவேணி மூலையைப் பார்த்தாள். முனிசாமியும் பார்த்தார்.

காமாட்சி படத்துக்குக் கீழே, பிரிக்காத அட்டைப்பெட்டியில், மஞ்சளும் குங்குமமும் துலங்க உட்கார்ந்திருந்தது அது. வந்து இறங்கியது ஆடி மாசம். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது. ஆவணியில் பிரிக்கலாம் என்றபோது, மந்திரி கையால் பிரித்தால்தான் சங்கத்துக்குக் கௌரவம் என்று தலைவர் சொல்லிவிட்டார். மந்திரிக்குத் தேதி ஒழியவில்லை. அப்புறம் மார்கழி வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது தை பிறந்தும் பெட்டி பெட்டியாகவே இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வேணுகோபால் உள்ளே வந்தார். ஜரிகை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு கருத்து.

“தலைவரே, கருத்து கேக்கறாங்க.”

“எதைப் பத்தி?”

“இந்தப் பொட்டியைப் பத்தி.”

“சும்மா வந்தது சும்மாத்தான் கெடக்கும். இதான் என் கருத்து, அனுப்பிடு.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “இதோ நீ வேலை செய்யறியே, இந்தப் பழைய பொட்டி. கம்பெனி சரக்கு. என்னிக்காவது மக்கர் பண்ணிருக்குதா? கல்லு மாதிரி நிக்குது பாரு. அந்த உரம் இதுக்கு வருமா? போறவன் வர்றவன்லாம் கை வெச்சு எழுதினதாமே! பத்து பேரு பத்துப் பக்கம் இழுத்தா பாவு உருப்படுமா? நூலுதான் அறும்.”

“இதை அப்படியே அனுப்பினா என் கோப்பு அறுந்துடும் தலைவரே.”

வேணுகோபால் யோசித்தார். அவள் நிரந்தரமாகாமல் போய்விட்டால் கணக்கைத் தானே எழுத வேண்டி வரும் என்பது அவருக்கு உறைத்தது.

“அப்ப நல்லா இருக்குதுன்னு போடு. நல்ல வார்த்தைக்கு ஜி.எஸ்.டி.யா போடறான்?”

அம்சவேணி சாமி படத்தைப் பார்க்காமல் தட்டினாள்: ‘மிக அருமை. எங்கள் சங்கத்தில் ஒரு நாள்கூடப் பழுதாகி நின்றதில்லை.’

பொய்யில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஓடினால்தானே நிற்பதற்கு?

கண்ணை மூடித் திறப்பதற்குள் குழு விழித்துக்கொண்டது. ‘மிக அருமை. எங்கள் சங்கத்தில் ஒரு நாள்கூட…’ என்று அடுத்த சங்கம். அதற்கடுத்த சங்கமும் அதையே. ஆரணிப் பக்கத்துச் சங்கம் ஒன்று அவள் பெயரையும் சேர்த்தே நகலெடுத்து, ‘இப்படிக்கு அம்சவேணி’ என்று போட்டிருந்தது.

“பாத்தியா, உன் கருத்துக்கு எவ்ளோ மவுசு!” என்று முனிசாமி வாயைப் பிளந்தார்.

கைப்பேசி மணி அடித்தது.

“வணக்கம்மா, நான் கலைவாணன். தலைமை அலுவலகம், துணை இயக்குநர். முதல்ல கருத்து சொன்ன அம்சவேணி நீங்கதானே? ஆரணி அம்சவேணி இல்லையே?”

“நான்தான் சார்.”

“நெஜமாவே ஒரு நாள்கூட நிக்கலையா?”

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். வேணுகோபால் எதிரே உட்கார்ந்து கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார், ஏற்று ஏற்று என்று.

“நிக்கலை சார்.”

“கரண்ட் போனா?”

“யூ.பி.எஸ்.ல கல்லு மாதிரி நிக்குது சார்.”

“வைரஸ்?”

“அதுக்கெல்லாம் நம்ம பொட்டின்னா பயம் சார். டிசைன் போடறப்ப நடுவுல ஒரு கண்ணிகூட அழிஞ்சதில்லை. தறிக்கு எப்படி அமாவாசை லீவோ அப்படி, அமாவாசைக்கு அமாவாசை நாங்களா பாத்து அணைச்சாத்தான் உண்டு.”

பழைய பொட்டியை மனசில் நினைத்துக்கொண்டே சொன்னதால் அவள் குரலில் சத்தியம் வழிந்தது.

“அம்மா,” என்றார் கலைவாணன் தழுதழுத்து, “இங்க தெனம் சண்டைம்மா. பாதிப் பேரு, இது நிலையா ஓடாது, கம்பெனிக்கே திரும்பிப் போயிடலாம்னு கொள்கையவே மாத்தப் பாக்கறாங்க. எனக்கு ஆதாரம்னு இருக்கறது உங்க சங்கம் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். கண்ணால பாத்து ஒரு போட்டோ எடுத்துட்டா, திங்கட்கிழமையே உங்க நிரந்தர உத்தரவு.”

அவள் போனை வைத்தாள்.

“இன்னாம்மா சொன்னாரு?”

“வெள்ளிக்கிழமை கண்ணால பாக்க வராராம்ணே.”

“எதை?”

மூவரும் மூலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ராகு காலம் கழித்து, சூடம் காட்டி, பெட்டியைப் பிரித்தார்கள். மந்திரிக்குப் பதிலாக முனிசாமி கத்தரிக்கோலைப் பிடித்தார். மின்விளக்கு பச்சையாக எரிந்தது. திரை வெளுத்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அவ்ளோதானா? இதுக்கா பயந்தோம்?”

“கடவுச்சொல் கேக்குது தலைவரே.”

“யாரைக் கேட்டு வெச்சான்? சரி, காமாட்சின்னு போடு. காஞ்சிபுரத்துல வேற இன்னா வெச்சிருக்கப் போறான்?”

போட்டாள். தவறு என்றது.

“ஏகாம்பரம் போடு.”

தவறு.

“அப்ப வைஷ்ணவனா இருப்பான். வரதராஜா போடு.”

மறுபடி தவறு என்று சொல்லி, அதோடு நிற்காமல், பலமுறை முயன்றதால் கணினி பூட்டப்பட்டது என்றும் சொல்லிவிட்டுக் கம்மென்று ஆகிவிட்டது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“ஊர்ச் சாமி மொத்தத்தையும் கூப்ட்டாச்சு. ஒருத்தரும் கதவைத் தெறக்கல,” என்றார் முனிசாமி.

உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். புகார் பதிவாகிவிட்டது, பொறியாளர் பதினைந்து வேலை நாட்களுக்குள் வருவார் என்று இனிமையான குரல் ஒன்று சொன்னது.

“இதான் நான் சொன்னது!” வேணுகோபாலுக்குக் கவலையிலும் ஒரு குஷி. “சும்மா வந்ததை நம்பினா இதான் கதி. கம்பெனி சரக்குன்னா இப்படிப் பண்ணுமா? நம்ம பழசு என்னிக்காவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருந்திருக்குதா?”

அப்போதுதான் அம்சவேணிக்கு அந்த விபரீத யோசனை உதித்தது.

“தலைவரே, பழசைப் பீரோவுக்குள்ள வெச்சுட்டு, அதுலேர்ந்து நீளமா ஒயர் இழுத்து, புதுத் திரையிலயும் கீபோர்டுலயும் மாட்டிட்டா? ஓடறது பழசு. பாக்கறவங்களுக்குப் புதுசு.”

“அதாவது…” தலைவர் கண்ணைச் சுருக்கினார், “சேலை மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு?”

“ஒரு நாளைக்குத்தான்.”

“நீ எழுத்தரா இருக்க வேண்டியவளே இல்ல அம்சவேணி. எங்கேயோ இருக்க வேண்டியவ.”

நீள ஒயருக்குத் தெருமுனையில் ஜான் பாஷாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடினாள். ஜான் பாஷா ஆற்காட்டில் சொந்தக்காரர் நிக்காஹுக்குப் போயிருந்தார். அவர் மகள் ஃபரா, ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்கிறவள், கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்ளோ நீளம்க்கா?”

“பீரோவுலேர்ந்து மேசை வரைக்கும்.”

“பீரோவுக்குள்ள இன்னாக்கா வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா இடம் மாத்தறோம்.”

ஃபரா ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள். “பரீட்சைக்கு ப்ராஜெக்ட் இருக்குது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கறேன்க்கா,” என்றாள்.

வெள்ளிக்கிழமை புதுக் கணினி மேசை மேல் கல்யாணப் பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் கரண்ட் ஒயரைத் தவிர ஒன்றும் மாட்டவில்லை என்பது தெரியாமலிருக்க, அரக்கு நிறப் பட்டுத் துண்டை அதற்குப் போர்த்தி, கதம்ப மாலையும் சாத்தியிருந்தார் முனிசாமி. பட்டின் வழியே பச்சை விளக்கு மூக்குத்தி போலத் தெரிந்தது. பழைய பொட்டியை அணைக்காமல் யூ.பி.எஸ்.ஸோடு அப்படியே தூக்கி வைத்ததில், அது பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒயர் நுழையும் அளவுக்கு ஒருக்களித்து, மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டாயிற்று.

கலைவாணன் வந்தார். மெலிந்த மனிதர், தோளில் பை, கண்ணில் சதா ஒரு வியப்பு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

“போர்த்தி வெச்சிருக்கீங்க?”

“ஜரிகைத் தூசு சார்,” என்றார் முனிசாமி. “கண்ணுக்குத் தெரியாது, உள்ள போயிடும்.”

“எவ்வளவு அக்கறை!” என்றவர் திரையைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. “முகப்பு கம்பெனி சிஸ்டம் மாதிரியே இருக்குதே?”

அம்சவேணி அவசரமாக ஒரு பதிலைப் பிடித்தாள்.

“ப… பழகின முகம் சார். திடீர்னு மாத்தினா கண்ணு தேடும்.”

“அடடா!” கலைவாணன் மேசையில் தட்டினார். “இதைத்தாம்மா நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் கத்தறேன். ஜனங்க பயப்படறது உள்ள இருக்கற சிஸ்டத்தைப் பாத்து இல்ல, புது முகத்தைப் பாத்து. நீங்க உள்ள புதுசை வெச்சு மேல பழைய முகத்தைப் போட்டுட்டீங்க. எங்க கமிட்டி ஒரு வருஷமா யோசிக்குது, உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

“தலைவர்தான் சார்…”

“ஏதோ நம்மால ஆனது,” என்றார் வேணுகோபால், கைகட்டி.

கலைவாணன் ஒரு சேலைக் கரை டிசைனை எடுத்துக் காட்டச் சொன்னார். அம்சவேணி அன்னப்பட்சிக் கரையைத் திறந்தாள். ஒவ்வொரு அன்னமும் வாயில் ஒரு கொடியைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் திரையில் நீந்தி வந்தது. சொல்லச் சொல்ல இறகைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், நிறம் மாற்றினாள். எங்கும் ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை.

கலைவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, இது எப்படி உண்டாச்சு தெரியுமா? எங்கேயோ பனி கொட்டற தேசத்துல ஒரு மாணவர் ஆரம்பிச்சாரு. பூட்டி வெச்சுக்கல. எல்லாரும் பாருங்க, பிசிறு இருந்தா திருத்துங்கன்னு திறந்து வெச்சாரு. அவ்வளவுதான். பிரேசில்ல ஒருத்தர், ஜப்பான்ல ஒருத்தர், நம்ம மதுரையில ஒருத்தர்னு ஆயிரக்கணக்குல சேர்ந்துட்டாங்க. ஒருத்தர் ஒரு வரி எழுதுவாரு, இன்னொருத்தர் அதுல ஒரு முடிச்சைப் பார்த்து அவிழ்ப்பாரு. முகத்துக்கு முகம் பாத்ததில்ல. பல பேருக்குக் கூலியும் கிடையாது. உங்க கையில இருக்குதே போன், அநேகமா அதுக்குள்ள ஓடறதும் அதோட வித்துதான்.”

“கூலி இல்லாமயா?” என்றாள் அம்சவேணி.

“இல்லாமத்தான்.”

“அப்ப எதுக்கு சார் செய்யறாங்க?”

“நல்லா இருக்கணும்னுதான். வேற என்ன?”

அம்சவேணி தன் கையிலிருந்த கைப்பேசியைப் புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் வீட்டில் கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடலும் கரையும் தனித்தனி நாடா. தறியின் இந்தப் பக்கம் புருஷன் குமரகுரு, அந்தப் பக்கம் அவன் தம்பி. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிற ரெண்டு பேர், ஒரு முழம் நெய்வதற்குள் எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு! இங்கே முகம் தெரியாத ஆயிரம் பேர், பாஷை தெரியாத ஆயிரம் பேர், உலகத்தையே ஒரு தறியாக்கி உட்கார்ந்து, யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்றே தெரியாமல் ஒரு சேலையை நெய்துகொண்டிருக்கிறார்களாம். இழை அறவில்லையாம். யாரும் எழுந்து போகவில்லையாம்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு சேர்ந்து வெட்கமும் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தையா பூட்டிவைத்துவிட்டு, பீரோவிலிருந்து ஒயர் இழுத்து ஏமாற்றுகிறோம்?

“அது என்ன சத்தம்?” என்றார் கலைவாணன்.

பீரோவுக்குள் புழுக்கம் தாங்காமல் பழைய பொட்டியின் விசிறி ‘கொர்ர்’ என்று வேகமெடுத்திருந்தது.

“எலி சார்,” என்றார் முனிசாமி.

“எலியா? பட்டுச் சேலை இருக்கற பீரோவுலயா?” அவர் பதறி எழுந்தார். “திறங்க, திறங்க! கடிச்சிடப் போகுது!”

“கடிக்காது சார். அது… பழகின எலி.”

“சாவி எங்க?”

“சாவி தலைவர்கிட்ட,” என்றாள் அம்சவேணி.

“சாவி எங்க வூட்டுல,” என்றார் வேணுகோபால். “வூட்டுச் சாவி சம்சாரத்துகிட்ட. சம்சாரம் ஐயம்பேட்டைக்குப் போயிருக்குது.”

கலைவாணன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கோ ஏதோ இடிக்கிறது என்று அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு நிழல் ஓடியது. திரும்பி வந்து திரை முன்னால் உட்கார்ந்தார்.

“சரி. இதுல ஓடறது எதுன்னு இதோட வாயாலயே சொல்லச் சொல்லுவோம். அதைப் போட்டோ எடுத்துட்டா ஒருத்தரும் மறுக்க முடியாது.”

“எப்படி சார்?”

“ஒரு கட்டளை இருக்குது. தட்டினா உள்ள இருக்கறது தன் பேரைச் சொல்லும். எப்ப எழுந்ததுன்னும் சொல்லும். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு.”

முனிசாமி மெல்லக் கதவுப்பக்கம் நகர்ந்தார். தலைவர் வாய்க்குள் கந்தசஷ்டி சொல்லத் தொடங்கினார். அம்சவேணிக்குப் பதினோரு வருஷமும் காலடியில் மண்ணாகச் சரிந்தது. பீரோவில் இருப்பது கம்பெனிப் பெயரைச் சொல்லப் போகிறது. வேலை போகட்டும். இந்த மனுஷர் நம்மை நம்பிச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாரே!

“சார், நான் ஒண்ணு சொல்லணும்…”

“ஒரு நிமிஷம்மா.”

“இல்ல சார், இப்பவே சொல்லிடறேன். அந்தப் பொட்டி…”

அவர் விரல்கள் ஓடின. திரையில் கறுப்பாக ஒரு சன்னல் திறந்தது. வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. அம்சவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு சத்தமும் இல்லை. பீரோகூடக் கொர்ரென்பதை நிறுத்திவிட்டது.

“லினக்ஸ்,” என்றார் கலைவாணன், கோயில் கருவறை முன்னால் நிற்கிறவர் குரலில்.

அம்சவேணி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“லினக்ஸ்! போன அமாவாசைக்கு மறுநாள் காலையில எழுந்தது, இன்னி வரைக்கும் ஒரு நொடி நிக்கல. அம்மா, நீங்க போன்ல சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உண்மையச் சொன்னா, பீரோ பக்கம் போனதும் ஒரு செகண்டு உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கணும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?”

அம்சவேணி திரையைப் பார்த்தாள். திரையில் வெள்ளை எழுத்து அசையாமல் நின்றது. பீரோவிலிருந்து மேசைக்கு வருகிற ஒயரைப் பார்த்தாள். பட்டுக்குள் எரிகிற பச்சை விளக்கைப் பார்த்தாள்.

“அந்தப் பொட்டி… நல்ல பொட்டி சார்,” என்றாள்.

“நல்ல பொட்டியா? இதுதாம்மா இனிமே இந்த மாநிலத்துக்கே கொள்கை!”

அவர் படம் பிடித்தார். அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டு, அம்சவேணியின் கோப்பைத் தேடி எடுத்து மேலே வைக்கச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, மாலை போட்ட கணினியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்பியது.

“தலைவரே,” என்றாள் அம்சவேணி கடைசியில், “ஒயரு பழசுலதானே மாட்டிருக்குது?”

“நான்தான்மா மாட்டினேன்,” என்றார் முனிசாமி.

“புதுசுலேர்ந்து ஒண்ணும் வரலையே?”

“ஒரு நூல்கூட வரல.”

“அப்ப எப்படிண்ணே புதுசோட பேரு வந்தது?”

வேணுகோபால் மெதுவாக எழுந்தார். புதுக் கணினி முன்னால் போய் நின்றார். சும்மா வந்தது சும்மா கிடக்கும் என்று சொன்ன அதே வாயைப் பொத்திக்கொண்டார். ஜரிகை வேட்டி கசங்குவதையும் பாராமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“தெரியாம பேசிட்டேன் தாயே! கம்பெனி கம்பெனின்னு குதிச்சேன். பூட்டிக்கினு உக்காந்திருந்தாலும், ஒயரே இல்லாம, பழசுக்குள்ள கூடு விட்டுக் கூடு பாஞ்சு எங்க மானத்தைக் காப்பாத்திட்டியே!”

முனிசாமி சூடத்தட்டை எடுத்தார். அம்சவேணிக்குக் கண்ணீர் பொங்கியது. முகம் தெரியாத அந்த ஆயிரம் பேரும் ஒயர் இல்லாமலே கை நீட்டித் தன்னைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எந்த ஊர், எந்த சாமி, எந்தப் பாஷையோ, புண்ணியவான்கள்! அவளும் கைகூப்பி நின்றாள்.

“அக்கா, ஒயரு…” என்றபடி படியேறி வந்த ஃபரா, சூடப் புகைக்கு நடுவே குப்புறக் கிடக்கிற தலைவரையும், மாலை போட்ட கணினியையும், கண்ணீரோடு நிற்கிற அம்சவேணியையும் பார்த்து வாசலிலேயே நின்றாள். முனிசாமி நடந்த அதிசயத்தை ஒன்று விடாமல் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பீரோவுக்குப் போய்க் காலண்டரை விலக்கி, உள்ளே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தப் பழைய பொட்டியில எங்க வாப்பா நாலு வருசத்துக்கு முன்னாடியே லினக்ஸ்தான்க்கா போட்டு வெச்சாரு, சும்மா கெடைக்கறதுன்னு தெரிஞ்சா தலைவரு தொடவே மாட்டாருன்னுதான் மேல கம்பெனி மூஞ்சியை ஒட்டி விட்டாரு.”